கூட்டமாகக் கப்பல் சுற்றுலா போவது எப்படி? முதல் முறை திட்டமிடுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து எங்காவது போகலாம் என்று பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சு பாதியிலேயே நின்றுபோவதற்குப் பணம் மட்டும் காரணமாக இருப்பதில்லை. ஒருவர் விடிவதற்கு முன்பே எழுந்து நடக்கப் போவார். இன்னொருவருக்கு விடுமுறை என்றால் பத்து மணி வரை தூங்க வேண்டும். பாட்டிக்கு முழங்கால் வலி, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம், நடுவில் இருப்பவர்களுக்குச் சும்மா இருந்தால் போதும். தரைவழிப் பயணத்தில் இத்தனை பேரையும் ஒரே நேரத்துக்கு வண்டியில் ஏற்றி, இறக்கி, சாப்பிட வைத்து, அறை பிடித்துக் கொடுப்பதற்குள் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் களைத்துப்போவார்.

கப்பலில் இந்த வேலையில் பெரும்பகுதி இல்லாமலே போகிறது. பெட்டியை ஒரே ஒரு முறை பிரித்து அடுக்கினால் போதும், அறையே உங்களோடு ஊர் ஊராக வரும். பெரும்பாலும் இரவில்தான் கப்பல் ஓடும், காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் வேறு துறைமுகம். அறை, பெரும்பாலான சாப்பாடு, மாலை நிகழ்ச்சிகள், பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கூடம் எல்லாம் கட்டணத்திலேயே அடங்கும். பகல் முழுக்க அவரவர் விருப்பப்படி பிரிந்து போகலாம், ராத்திரி ஒரே மேசையில் உட்காரலாம். குழுப் பயணத்துக்குக் கப்பலை நான் பரிந்துரைப்பதற்கு இதுதான் முதல் காரணம். கடலின் அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, திட்டமிடலுக்கு வருவோம்.

படி 1: ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகள்

குழுவில் ஒருவர் பொறுப்பாளராக இருக்கட்டும். அவர் எல்லோரிடமும், தனித்தனியாக, மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். எந்தத் தேதிகளில் நிச்சயம் வர முடியாது? அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்ய முடியும்? உடல்நிலை, சாப்பாடு, தூக்கம் இவற்றில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்டால் செலவு பற்றி யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். கையில் குறைவாக இருப்பவர் கூச்சத்தில் தலையாட்டிவிட்டு, கடைசி நேரத்தில் விலகிக்கொள்வார். அதனால் தனியாகப் பேசுவதுதான் நல்லது.

“எங்கே போகலாம்?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பதில் வந்துகொண்டே இருக்கும், முடிவு வராது. கிடைத்த பதில்களை வைத்து நீங்களே இரண்டு பயணங்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டில் எது என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒரு கெடு வையுங்கள்.

படி 2: பயணப் பாதை, பருவம், கப்பல்

ஏழு இரவுப் பயணங்கள்தான் பல பாதைகளில் அதிகம் கிடைக்கும். கப்பலில் போய்ப் பழக்கமே இல்லாத குழுவுக்கு மூன்று முதல் ஐந்து இரவு வரை நல்ல தொடக்கம். புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வரும் பாதையாக எடுத்தால் விமான டிக்கெட் வேலை எளிதாகும்.

பருவத்தைக் கவனியுங்கள். கரீபியன் கடலில் ஆண்டு முழுக்கக் கப்பல்கள் ஓடினாலும், ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் சூறாவளிப் பருவம். அந்த மாதங்களில் கட்டணம் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் புயலைத் தவிர்க்கக் கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திருப்பப்படலாம், அந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும் மனநிலை எல்லோருக்கும் வேண்டும். அலாஸ்காவுக்குப் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான் பயணங்கள். மத்திய தரைக்கடலுக்கு வசந்தமும் இலையுதிர் காலமும் இதமானவை. கோடையில் வெயிலும் கூட்டமும் அதிகம்.

பயணத் திட்டத்தில் “டெண்டர்” என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்காது, சிறு படகில் ஏறித்தான் கரைக்குப் போக வேண்டும். கிரேக்கத்தின் சாண்டோரினியும் கரீபியனின் கிராண்ட் கேமனும் இப்படிப்பட்ட இடங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருந்தால், கப்பல் துறையை ஒட்டியே நிற்கும் பாதையைத் தேர்ந்தெடுப்பது நியாயம்.

கப்பலின் அளவும் முக்கியம். 2024-இல் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 20 தளங்கள், அறைக்கு இரண்டு பேர் கணக்கில் ஏறக்குறைய 5,600 பயணிகள். பிள்ளைகளுக்கு அது சொர்க்கம். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கோ, அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்வருவதே பெரிய வேலையாகிவிடும். எல்லா வயதினரும் கலந்த குழுவுக்கு, இரண்டாயிரம் மூவாயிரம் பேர் போகும் நடுத்தரக் கப்பல் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

படி 3: அறைகளைத் தேர்ந்தெடுத்தல்

விளம்பரத்தில் காட்டும் கட்டணம் ஓர் அறையில் இரண்டு பேர் தங்கும் கணக்கில், ஒருவருக்கானது. தனியாக ஓர் அறை எடுப்பவர் பெரும்பாலும் ஏறக்குறைய இருவருக்கான கட்டணத்தையும் கட்ட வேண்டியிருக்கும். சில கப்பல்களில் ஒருவருக்கென்றே சிறிய அறைகள் உண்டு. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகத் தங்குபவர்களுக்குக் கட்டணம் குறைவாக இருப்பது வழக்கம். அதனால் யார் யாரோடு தங்குவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். குறட்டை விடுபவர் யார் என்பதையும் கேட்டுவிடுங்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறைகள் நான்கு வகை: ஜன்னல் இல்லாத உள் அறை, ஜன்னல் உள்ளது, பால்கனி உள்ளது, ‘சூட்’ எனப்படும் விசாலமான சொகுசு அறை. உள் அறைதான் விலை குறைவு, தூங்கும்போது கும்மிருட்டு. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு குடும்பம் பால்கனி அறை எடுக்கட்டும். மற்றவர்கள் உள் அறை எடுத்துக்கொண்டு மாலையில் அந்தப் பால்கனிக்கு வந்து உட்காரலாம்.

கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவாகத் தெரியும். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறைகளில் அதிகாலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். எந்த அறை என்பதைக் கப்பல் நிறுவனமே பின்னால் முடிவு செய்யும் ‘கேரண்டி’ வகைக் கட்டணம் மலிவுதான். ஆனால் அதில் குழு பல தளங்களில் சிதறிப்போகலாம். எல்லோரும் வரிசையாகப் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்க வேண்டியதில்லை, ஒரே தளத்தில் இருந்தால் போதும். வயதானவர்களுக்கு மட்டும் லிஃப்டுக்கு அருகில் பாருங்கள்.

படி 4: முன்பதிவும் பணமும்

இந்தப் படியில்தான் உறவுகள் கெடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல நிறுவனங்கள் எட்டு அறை, அதாவது பதினாறு பேர் இருந்தால் குழுப் பதிவாக எடுத்துக்கொள்ளும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஓர் ஆளின் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதும் உண்டு. வரியும் துறைமுகக் கட்டணமும் அப்போதும் கட்ட வேண்டும். அந்தத் தள்ளுபடி கிடைத்தால் அதை என்ன செய்வது என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் பகிர்ந்தாலும் சரி, பொறுப்பாளரே எடுத்துக்கொண்டாலும் சரி, வெளிப்படையாக இருக்க வேண்டும்.

ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பதிவு எண், தனித்தனிப் பணம். ஒருவர் தன் கார்டில் எல்லோருக்கும் கட்டிவிட்டுப் பிறகு வசூலிக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். முதலில் முன்பணம் மட்டும், மீதியைப் பல நிறுவனங்களில் புறப்பட ஏறக்குறைய 90 நாள் முன்பாகக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். அந்தக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் குழுவுக்கு ஒரு கெடு வையுங்கள்.

பதிவு செய்ததும் நிறுவனத்தை அழைத்து, இந்தப் பதிவு எண்களை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இரவுச் சாப்பாட்டுக்கு உங்களைப் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார வைப்பார்கள். உணவுக் கட்டுப்பாடு, ஒவ்வாமை இருந்தால் அதையும் அப்போதே பதியுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

கட்டணத்துக்கு வெளியே என்னென்ன வரும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்: இணையம், மது, சிறப்பு உணவகங்கள், கரைச் சுற்றுலா, புகைப்படம், ஸ்பா. பல கப்பல்களில் பணியாளர்களுக்கான டிப்ஸ், தலைக்கு இவ்வளவு என்று தினமும் கணக்கில் ஏறும். மது உள்ளிட்ட பானங்களுக்கு மொத்தமாக முன்பணம் கட்டும் பானப் பொதியை ஒருவர் வாங்கினால் அதே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்ற விதியும் பல நிறுவனங்களில் உண்டு. குடிப்பவரையும் குடிக்காதவரையும் ஒரே அறையில் போடும்போது இதை யோசியுங்கள்.

படி 5: ஆவணங்களும் காப்பீடும்

பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். பாதையில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் விசா தேவையா என்று பாருங்கள். கரையில் இறங்காவிட்டாலும் சில இடங்களுக்கு அது கேட்கப்படலாம். கப்பல் ஷெங்கன் பகுதியை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விட்டு வெளியே போய்த் திரும்பினால், பல முறை நுழையும் விசா வேண்டியிருக்கும். பெற்றோரில் ஒருவரோடு மட்டும் வரும் பிள்ளைக்கு மற்றவரின் ஒப்புதல் கடிதம் எடுத்து வையுங்கள். பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளையும், 24 வாரம் தொட்ட கர்ப்பிணிகளையும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

காப்பீட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் சிகிச்சைக்குத் தனிக் கட்டணம். நிலைமை மோசமானால் நோயாளியை ஹெலிகாப்டரிலோ வேறு வழியிலோ கரைக்குக் கொண்டுபோக ஆகும் செலவு மிகப் பெரியது. அவசர மருத்துவ இடமாற்றம் அடங்கிய காப்பீடா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

படி 6: ஏறும் நாள்

புறப்படும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கொடுத்த பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் மருந்து, ஆவணம், நீச்சல் உடை, பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி, சர்ஜ் பாதுகாப்பு (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் வசதி) உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி போன்றவை பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. பெரும்பாலான அறைச் சுவர்கள் இரும்பு என்பதால் காந்தக் கொக்கிகள் சில எடுத்துப் போனால் ஈரத்துணி தொங்கவிட வசதி.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் குழுவாகப் போங்கள். 2012-இல் இத்தாலிக் கடலோரத்தில் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடக்க வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. ஆபத்து நேரத்தில் நீங்கள் ஒன்றுகூட வேண்டிய இடம் எது என்பதைப் பிள்ளைகளும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கடலுக்குள் போனதும் எல்லோருடைய போனும் ஏர்ப்ளேன் மோடில் இருக்கட்டும். இல்லையென்றால் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் இணைந்து பில் எகிறும். பல கப்பல்களின் சொந்தச் செயலியில் இணையம் வாங்காமலே பயணிகளுக்குள் செய்தி அனுப்பும் வசதி உண்டு. சிலவற்றில் அதற்குச் சிறு கட்டணம்.

படி 7: கப்பலில் இருக்கும் நாட்கள்

ஒரே ஒரு விதி போதும்: ராத்திரிச் சாப்பாடு சேர்ந்து. மற்ற நேரத்துக்கு அட்டவணை போடாதீர்கள். யார் என்ன செய்கிறார்கள் என்று பொறுப்பாளர் விசாரித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நோரோவைரஸ் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமிக்குச் சானிடைசர் மட்டும் போதாது. கடல் ஆட்ட மாத்திரை தேவைப்படுபவர்கள், மருத்துவரிடம் கேட்டு, தலைசுற்றல் வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

துறைமுக நாட்களில் நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து போங்கள். “எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம்” என்று கப்பல் அறிவிப்பதை ஒவ்வொருவரும் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும். கப்பல் நேரமும் கரை நேரமும் வேறாக இருக்கலாம், கணக்கு கப்பல் நேரம்தான். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. தூரமான இடத்துக்கு நிறுவனத்தின் சுற்றுலா, பக்கத்தில் உள்ள கடற்கரைக்கு நடந்தே போகலாம் என்று பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், பதற்றமும் இருக்காது.

படி 8: இறங்குவது

கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டிய உடை, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் பாருங்கள். அன்று மாலையே ஒவ்வோர் அறையும் தன் கணக்கைச் சரிபார்க்கட்டும், தவறு இருந்தால் வரவேற்பு மேசையில் உடனே சொல்லலாம். மறுநாள் காலையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும். திரும்பும் விமானத்தை நண்பகலுக்குப் பிறகு எடுங்கள். பெரிய குழு என்றால் மாலை விமானமே நல்லது.