இறப்பர் கையை உங்கள் கையாக உணர வைப்பது எப்படி? விஆருக்கு முன் ஒரு மேசைப் பரிசோதனை

விஆர் (மெய்நிகர் உலகத்தைக் கண்முன் காட்டும்) ஹெட்செட்டில் தெரியும் கை உங்களுடையதாகத் தோன்றுவதற்குப் படத்தின் அழகு முக்கிய காரணம் இல்லை. கண் பார்ப்பதும் தோல் உணர்வதும் ஒரே நேரத்தில் நடந்தால் மூளை அந்தக் கையை ஏற்றுக்கொள்ளும். ஹெட்செட் வாங்க முன்னரே இதைக் கையுறையை வைத்துச் செய்து பார்க்கலாம். ஆய்வாளர்கள் மத்யூ பொட்வினிக், ஜொனதன் கோஹன் இருவரும் 1998இல் வெளியிட்ட பரிசோதனை இது. இரண்டு பேர் வேண்டும்.

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ ஒரு பாமசியும் ஒரு புத்தகக் கடையும் போதும். ஒரு சோடி இறப்பர் கையுறை, ஒரே அளவான இரண்டு பெயின்ற் பிரஷ், ஒரு மட்டைப் பெட்டி, துவாய், அடிமட்டம்.

முதலில் கையைச் செய்யுங்கள். கையுறையை ஊதிக் கட்டினால் பிரஷ் பட்டதும் உருளும். விரல்களுக்குள் பென்சிலால் பஞ்சைத் தள்ளி, உள்ளங்கைக்கு ஒரு பிடி அரிசி போட்டு, மணிக்கட்டில் இறப்பர் பான்ட் போடுங்கள். அரிசியின் பாரத்தில்தான் அது மேசையில் அசையாமல் கிடக்கும். பாமசிக் கையுறை இரு கைக்கும் பொருந்துவதால், பெருவிரலை வலப்பக்கம் திருப்பினால் இடது கை ஆகிவிடும். இதைக் கவனிக்காமல் விட்டால் மற்ற எல்லாம் வீண். மற்றக் கையுறையை உங்கள் இடது கையில் போடுங்கள். எங்கள் பக்கத்து வெக்கையில் உள்ளே வியர்க்கும், கொஞ்சம் பவுடர் தூவுங்கள்.

அடுத்தது வைப்பு. பெட்டியை நிமிர்த்தி மறைப்பாக வைத்து, உண்மைக் கையை அதற்கு இடப்புறம் ஒளியுங்கள். இறப்பர் கை வலப்புறம், சுமார் 15 சென்ரிமீற்றர் தள்ளி, விரல்கள் அதே திசையில். 30 சென்ரிமீற்றரைத் தாண்டினால் உணர்வு மங்கும். கையைக் குறுக்காகத் திருப்பினால் பெரும்பாலும் வராது. தோளிலிருந்து இறப்பர் மணிக்கட்டு வரை துவாயால் மூடுங்கள், கை உடலோடு சேர்ந்தே தெரிய வேண்டும்.

தொடங்க முன் கண்ணை மூடி, இடது சுட்டுவிரல் எங்கே இருக்கிறது என்று வலது கையால் மேசைக்குக் கீழிருந்து காட்டுங்கள், உதவுபவர் அந்த இடத்தை அடையாளமிட வேண்டும்.

இப்போது உதவுபவர் இரண்டு கைகளிலும் ஒரே விரலை, ஒரே திசையில், ஒரே கணத்தில் விரல் மூட்டிலிருந்து நகம் வரை வருட வேண்டும். செக்கனுக்கு ஒன்று அளவில், ஆனால் தாளம் சீராக இருக்கக் கூடாது. அடுத்த தொடுகையை ஊகிக்க முடியாதபோதுதான் கண்ணும் தோலும் ஒத்துப்போவது மூளைக்கு உறைக்கும். இரண்டு நிமிடம் தொடருங்கள். நீங்கள் இறப்பர் விரலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

முடிந்ததும் திரும்பக் கண்ணை மூடிக் காட்டுங்கள். அடையாளம் பெரும்பாலும் இறப்பர் கைப் பக்கம் நகர்ந்திருக்கும். பிறகு ஒரு பிரஷ்ஷை அரைச் செக்கனுக்கு மேல் பிந்த விட்டு மறுபடி செய்யுங்கள். உணர்வு குலையும். இந்த ஒப்பீட்டைத் தவிர்க்காதீர்கள், முதற்சுற்றில் வந்தது வெறும் கற்பனையா என்பதை இதுதான் காட்டும். சிலருக்கு எத்தனை தரம் செய்தாலும் வராது. அது குறைபாடு அல்ல.

விஆரில் பிரஷ்ஷின் வேலையை உங்கள் அசைவு செய்கிறது. விரலை மடக்கினால் திரைக் கையும் உடனே மடங்க வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் ஹெட்செட்டின் கமெரா விரலைத் தவறவிடும், அப்போது கை அந்நியமாகிவிடும். மணிக்கட்டும் முழங்கையும் இல்லாமல் மிதக்கும் கையிலும் உணர்வு குறைவு, ஆகவே முழுக்கை காட்டும் அவதாரை (திரையில் உங்களுக்குப் பதிலாகத் தெரியும் உருவத்தை) தெரிவு செய்யுங்கள்.

போரில் கை கால் இழந்தவர்கள் வாழும் பகுதி எங்களுடையது, அவர்களுக்கு இந்த விடயம் வெறும் வேடிக்கை இல்லை. 2008இல் நரம்பியல் ஆய்வாளர் ஹென்றிக் எர்சன் குழுவினர், கை இழந்தவர்களின் எஞ்சிய பகுதியையும் இறப்பர் விரலையும் சேர்த்து வருடியபோது, பலர் தொடுகையை இறப்பர் கையிலேயே உணர்ந்தார்கள். இல்லாத உறுப்பில் வலி உள்ளவரோடு இதைச் செய்வதென்றால் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கூட இருக்க வேண்டும். வலி கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள்.