கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங் செய்து போடுவதா, புதிதாக மாற்றுவதா?

லாரி, டிராக்டர் எஞ்சின்களில் பேரிங் அடித்துவிட்டால், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டைக் கழற்றிய கையோடு கிரைண்டிங்குக்கு, அதாவது தேய்ந்த பரப்பைச் சாணையில் கடைந்து சமமாக்குவதற்கு, அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதற்கு முன்பே விரிசல் சோதனையை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விரிசல் விட்ட ஷாஃப்டுக்குச் செய்யும் செலவு முழுவதும் வீண். ஓட்டத்தில் உடைந்தால் அது பிளாக்கையும் கெடுத்துவிடும்.

ஷாஃப்டை நன்றாகக் கழுவி, ஆயில் துளைகளின் பிளக்குகளைக் கழற்றி உட்புறத்தையும் சுத்தம் செய்த பின், காந்தத்துகள் சோதனைக்குக் கொடுங்கள்; ஷாஃப்டைக் காந்தமாக்கித் தூவும் இரும்புத்துகள், விரிசல் இருக்கும் இடத்தில் சேர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும். ஜர்னலும் (பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதி) பக்கச்சுவரும் சேரும் வளைந்த மூலையிலும், ஆயில் துளையின் விளிம்பிலும்தான் விரிசல் பெரும்பாலும் தொடங்குகிறது. மூலையில் மயிரிழை அளவுக்குத் தெரிந்தாலும் அந்த ஷாஃப்டை ஒதுக்கிவிடுங்கள். வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

அடுத்தது அளவு. ஒவ்வொரு ஜர்னலையும் இரு முனைகளிலும், முனைக்கு இரண்டாக ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகிய திசைகளிலும் மைக்ரோமீட்டரால் அளந்தால், வட்ட வடிவம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதும் டேப்பர் (இரு முனைகளுக்கும் இடையிலான விட்ட வேறுபாடு) எவ்வளவு என்பதும் தெரியும். கிரைண்டிங்கில் விட்டம் குறைந்த ஜர்னலுக்குப் பொருந்தும் அண்டர்சைஸ் பேரிங்குகள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் வருகின்றன. மூல அளவு 70.00 மி.மீ. உள்ள ஒரு ஜர்னல் ஏற்கெனவே 0.50 இறக்கப்பட்டு, இப்போது 69.35 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.75 படிக்கு, அதாவது 69.25-க்கு இறக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் மைக்ரோமீட்டர் கீறலின் அடியைத் தொடுவதில்லை. கீறல் 0.15 மி.மீ. ஆழம் என்றால் விட்டத்தில் 0.30 எடுக்க வேண்டும், 69.05-க்கு வந்துவிடுவதால் 1.00 படிக்கே போக வேண்டியிருக்கும். அந்தப் படியைத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா, அதற்கான பேரிங் கையில் கிடைக்குமா என்று பார்த்த பின்பே கிரைண்டிங் தொடங்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் புதிய ஷாஃப்டே வழி.

ஜர்னல் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் கடினம் குறைந்திருக்கக்கூடும். கடினச் சோதனை அவசியம். நைட்ரைடிங் செய்த, அதாவது மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய, ஷாஃப்டில் கடினப்பட்ட அடுக்கு மிக மெல்லியது என்பதால், கிரைண்டிங்குக்குப் பின் மீண்டும் நைட்ரைடிங் செய்ய வசதியில்லையெனில் மாற்றுவதே சரி. வளைவை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் பாருங்கள். பிரஸ்ஸில் நிமிர்த்தியதை மறுபடி விரிசல் சோதிக்காமல் ஏற்கக் கூடாது. கிரைண்டிங் சூட்டாலும் விரிசல் வரும் என்பதால், வேலை முடிந்து வரும் ஷாஃப்டுக்கும் அதே சோதனை வேண்டும்; மூலையின் வளைவை மூல அளவில் விட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஆயில் சீல் உரசிய இடத்துப் பள்ளத்துக்கு மட்டும் ஷாஃப்டை மாற்ற வேண்டியதில்லை, ஸ்லீவ் போதும்.

செலவை ஒப்பிடும்போது கிரைண்டிங் கூலியை மட்டும் புதிய ஷாஃப்டின் விலையோடு வைத்துப் பார்க்காமல், பேரிங், நைட்ரைடிங், இரண்டு முறை சோதனை ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். எதைப் பொருத்தினாலும், பேரிங் ஏன் போனது என்பதைக் கண்டறிந்த பின் பொருத்துங்கள்: ஆயில் பம்ப், கனெக்டிங் ராடின் பெரிய முனையின் வட்டம், மெயின் பேரிங் துளைகளின் நேர்க்கோடு, உலோகத்தூள் தங்கியிருக்கும் ஆயில் கூலர் ஆகிய நான்கையும் பார்க்காமல் எஞ்சினை மூடாதீர்கள்.