பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்

வெளிநாட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. உறையைக் கிழித்து நேராகப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். "என்ன எழுதியிருக்கு, வாசித்துச் சொல்லு." வாடகை பாக்கி, பத்து நாளுக்குள் கட்டவேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிச் சொல்கிறது. அன்றிரவு அது தூங்கியதா என்று நாம் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் பள்ளியில் மொழியைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். வேலை, வீடு, விசா என்று ஓடுகிற நாம் பின்தங்கிவிடுகிறோம். கடையிலும் பஸ்ஸிலும் பிள்ளை பேசட்டும், அதற்கும் பெருமையாக இருக்கும். மருத்துவமனை, பள்ளிக் கூட்டம், குடிவரவு அலுவலகம், வங்கி, போலீஸ்: இந்த இடங்களில் மட்டும் வேண்டாம்.

நானும் அந்தத் தவறைச் செய்தவள்தான். வயிற்றுவலி என்று மருத்துவரிடம் போனபோது பதினொரு வயது மகனைக் கூட்டிப்போனேன். கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்று மருத்துவர் கேட்டதை அவன் என்னிடம் கேட்கவேண்டும். அந்தச் சொல் அவனுக்குத் தமிழில் தெரியாது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே "அம்மா, அது..." என்று நிறுத்திவிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும், "எல்லாம் சரியாக இருக்கு என்று சொல்லு" என்றேன். சரியாக இருக்கவில்லை. அப்புறம் இன்னொரு நாள் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மகன் அன்று பள்ளியில் இருந்தான், அவன் இருக்கவேண்டிய இடத்தில்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது யாரிடமும் கைநீட்டுவது ஆகாது. நோர்வேயில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, அவசர நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அரசு அலுவலகங்கள் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகளும் அவசர வேளை தவிர அப்படிச் செய்யக்கூடாது. பிரிட்டனில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் சிகிச்சைக்கு வருபவரிடம் மொழிபெயர்ப்புக்குப் பணம் வாங்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பாளரைத் தரும் 131 450 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், போய் உட்கார்ந்தபின் கேட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம். அந்நாட்டு மொழியில் முதலில் மனப்பாடம் செய்யவேண்டிய வாக்கியம், "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்பதுதான். பெண் ஒருவர் வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள்.

பலர் தயங்குவதற்குக் காரணம் வேறு. வருகிறவர் நம் ஆளாக இருப்பாரே, நாளைக்குக் கோயிலில் பார்ப்போமே, நாலு பேரிடம் சொல்லிவிட்டால்? இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு உள்ளவர். அப்படியும் மனம் ஒப்பவில்லையா, வேறு ஊரில் இருப்பவரைத் தொலைபேசியில் தரமுடியுமா என்று கேளுங்கள். உங்கள் முகம் அவருக்குத் தெரியாது.

பள்ளிக் கூட்டத்தில் சிக்கல் இன்னொரு மாதிரி. ஆசிரியர் பிள்ளையைப் பற்றிச் சொல்வதை அந்தப் பிள்ளையே நமக்குச் சொல்கிறது. "யாரோடும் சேராமல் தனியாக இருக்கிறாள்" என்று ஆசிரியர் சொன்னது "நன்றாக இருக்கிறாளாம்" என்று நம் காதில் விழும். அதைப் பொய் என்று திட்டாதீர்கள். அம்மா அப்பா ஏற்கெனவே கவலையில் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும்.

இன்னொன்றும் மெல்ல மெல்ல நடக்கும். கடிதம், கட்டணம், படிவம் எல்லாம் பிள்ளை கையில் போனால், வீட்டில் யார் பெரியவர் என்பதே மாறிவிடும். பதினான்கு வயதில் "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று எதிர்த்துப் பேசும்போது அப்பாவுக்குக் கோபம் வருகிறது. அந்தப் பிள்ளையிடம் நாலு வருடமாகக் குடும்பச் சுமையைக் கொடுத்தது யார்?

இதுவரை பிள்ளைதான் எல்லாம் செய்தது என்றால், ஒரு மாலையில் உட்காரவைத்து, "இவ்வளவு நாள் செய்தாய், ரொம்ப உதவி. இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடிதங்களுக்கு ஒரு கோப்பு வாங்கி, பிள்ளையின் மேசையில் கிடப்பதை எல்லாம் எடுத்து உங்கள் அறையில் வையுங்கள். அடுத்த கடிதம் வந்ததும், "அம்மா, நான் வாசிக்கட்டுமா?" என்று பழக்கத்தில் வந்து நிற்கும். "வேண்டாம், நீ விளையாடப் போ" என்று சொல்லுங்கள்.