மலைத்தோட்டத்தில் பன்னிரண்டு மாதமும் நிறம்: செடிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில்தான் நர்சரிக்குப் போகிறார்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் மலர்க் கண்காட்சி நடக்கும் நேரம் அது. கண்ணில் படுவதெல்லாம் பூத்துக் குலுங்கும். அப்படியே வாங்கி வந்து நட்டுவிடுகிறார்கள். ஜூலையில் பார்த்தால் பாத்தியில் அழுகிய தண்டுகள், ஜனவரியில் பார்த்தால் கருகிய இலைகள்.

ஆண்டு முழுவதும் நிறம் வேண்டுமானால் வரிசையைத் திருப்புங்கள். முதலில் ஜனவரிக்குச் செடி தேடுங்கள். அடுத்து ஜூலைக்கு. மே மாதம் கடைசியில் வரட்டும். அதற்குச் செடி கிடைப்பது எளிது.

படி 1: உங்கள் வீட்டு மழையையும் பனியையும் கவனியுங்கள்

மலை முழுவதற்கும் ஒரே வானிலை கிடையாது. கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்கு மழை முக்கியமானது. ஆகவே உதகையில் உறவினர் வீட்டில் பார்த்த செடி கோத்தகிரியில் அதே மாதத்தில் அதே அழகோடு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பனி இன்னும் நுட்பமானது. முதலில் நீர்ப்பனி விழும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி வரும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. காந்தல், தலைகுந்தா, கொடைக்கானல் ஜிம்கானா போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாகக் கிடக்கும்போது, சற்று மேலே சரிவில் இருக்கும் வீட்டில் ஒரு இலைகூடக் கருகாமல் இருக்கும். மேகமில்லாத, காற்றசையாத ஓர் இரவுக்குப் பிறகு விடியும் முன் உங்கள் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். புல் எங்கே வெளுத்திருக்கிறதோ அங்கே ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள். எந்தச் செடி எந்த மூலைக்கு என்பதை இந்தக் குச்சிகளே பிற்பாடு முடிவு செய்யும்.

ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதங்களையும் வரிவரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம் விடுங்கள். பூவோ, காயோ, இலையோ, ஒவ்வொரு மாதத்துக்கும் குறைந்தது இரண்டு வேண்டும் என்பது கணக்கு.

படி 2: ஜனவரிக்கு முதலிடம்

நான் முதலில் பரிந்துரைப்பது கமேலியா. தேயிலையும் அதுவும் ஒரே பேரினம். தேயிலை செழிக்கும் மண்ணில், அதாவது புளிப்புத் (அமிலத்) தன்மையுள்ள, நீர் தேங்காத மலைமண்ணில், கமேலியாவும் சொன்ன பேச்சைக் கேட்டு வளரும். குளிர்காலத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு நிறங்களில் பூக்கும்; மற்ற மாதங்களில் பளபளக்கும் கரும்பச்சை இலையே தோட்டத்துக்குப் பின்புலம். நடும்போது ஒன்றைக் கவனியுங்கள். உறைபனி படிந்த மொட்டின் மேல் காலை வெயில் சட்டென்று விழுந்தால் இதழ்கள் பழுப்பாகிவிடும். கிழக்கு வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். வீட்டின் மேற்குப் பக்கச் சுவரை ஒட்டிய இடம் நல்லது.

அதற்கடுத்தது அசேலியா. குளிர் விலகும் பிப்ரவரி, மார்ச்சில் இலையே தெரியாதபடி பூக்கும். இதன் வேர் மேலாக ஓடுவது. ஆழமாக நடாதீர்கள், அடியைக் கொத்தாதீர்கள், உதிர்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள். கமேலியாவுக்கும் அசேலியாவுக்கும் அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ கூடவே கூடாது. மண்ணின் புளிப்பைக் குறைத்தால் இலை மஞ்சளடித்துப்போகும்.

உறைபனி இறங்காத குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் பாயின்செட்டியாவை நடலாம். பகல் குறுகும்போது அதன் மேலிலைகள் சிவக்கின்றன. பூவென்று நாம் நினைப்பது அந்த இலைகளைத்தான். இரவில் தெருவிளக்கு வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் சிவக்கத் தயங்கும். குச்சி நட்ட பள்ளங்களில் இதை வைக்காதீர்கள். ஓர் இரவுப் பனி போதும், கருகிவிடும். அங்கே பான்சியும் வயோலாவும் தாக்குப்பிடிக்கும்.

இடம் இருந்தால் ஒரு பிளம்ஸ் மரமோ பேரி மரமோ அவசியம் வையுங்கள். இலையற்ற கிளைகளில் வெள்ளைப் பூக்கள் நிறைந்து நிற்கும் அந்தச் சில வாரங்களுக்காகவே அது தகும். பழம் கூடுதல் வரவு.

பனியிலிருந்து காக்க, உதகை அரசுத் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மூடுவார்கள். வீட்டிலும் அதுவே நல்ல வழி. மிலார் கிடைக்காவிட்டால் காய்ந்த பெரணி இலையையோ பழைய சாக்கையோ மாலையில் போர்த்திக் காலையில் எடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமே கருகும்.

படி 3: ஜூலை மழைக்குக் குனிந்து பூக்கும் செடிகள்

மழைக்காலத்துக்குச் செடி தேடும்போது பூவின் அமைப்பைப் பாருங்கள். அடுக்கடுக்கான இதழ்களோடு வானத்தைப் பார்த்து விரியும் பெரிய பூ, நீரைத் தேக்கி அழுகிவிடும். பெரிய டேலியாவுக்கும் பல ரோஜா வகைகளுக்கும் இதுதான் நேர்கிறது. தலைகீழாகத் தொங்கும் பூவிலும் ஒற்றையடுக்குப் பூவிலும் நீர் நிற்காது. ஃபியூஷியாவை எத்தனை மழையிலும் பாருங்கள், சிவப்பும் ஊதாவும் கலங்காமல் தொங்கும். நிழலுக்குப் பெகோனியாவும் காசித்தும்பை வகைகளும் போதும்.

ஆனால் மலையின் மழைக்கால அரசி ஹைட்ரேஞ்சியாதான். நம் மண்ணில் பெரும்பாலும் நீலமாகவே பூக்கிறது. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறுவதால் வரும் நீலம் அது. இளஞ்சிவப்பு வேண்டும் என்றால் குளிர்காலத்திலேயே செடியைச் சுற்றிக் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளைத் தூவி மண்ணோடு கலந்துவிடுங்கள். அடுத்த பூப்பில் மாற்றம் தெரியத் தொடங்கும். வெள்ளை வகை எந்த மண்ணிலும் வெள்ளைதான். என் கண்ணுக்கு நீலமே பிடிக்கும். மூடுபனிக்குள் சிவப்பு மங்கிப்போகும்போதும் நீலம் நின்று தெரிகிறது.

ஹைட்ரேஞ்சியா பூக்கவில்லை என்று வருந்துகிறவர்களில் பலர் அதைத் தரையோடு வெட்டியிருப்பார்கள். பரவலாக வளர்க்கப்படும் பெரிய இலை வகை, சென்ற பருவத்துத் தண்டில்தான் மொட்டு வைக்கிறது. பனிக்காலம் முடியும்வரை காய்ந்த பூக்கொத்தை அப்படியே விட்டுவைத்து, பிறகு அதற்குக் கீழே தடித்த இரட்டை மொட்டுக்கு மேலே வெட்டுங்கள். மிக முதிர்ந்த தண்டுகள் சிலவற்றை மட்டும் அடியோடு எடுக்கலாம்.

மழைக்கு நிறம் என்றால் பூ மட்டும் இல்லை. பெரணிகளின் பச்சையில் எத்தனை வகை! நர்சரியில் வளர்த்த பெரணியை வாங்குங்கள். சோலைக்காட்டிலிருந்து எதையும் பெயர்த்து வராதீர்கள்.

படி 4: இரண்டு சீசன்களையும் நிரப்புங்கள்

ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். சுற்றுலாவுக்குச் சொல்லும் கணக்கு இது என்றாலும் தோட்டத்துக்கும் பொருந்தும். மேரிகோல்டு, சால்வியா, பெட்டூனியா, டயாந்தஸ், ஆன்டிரினம், காஸ்மாஸ் போன்றவற்றை ஏறத்தாழ மூன்று மாதம் முன்பாக விதைக்க வேண்டும். முதல் சீசனுக்கு ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் தட்டுகளில் விதைத்துப் பனிபடாமல் வையுங்கள். இரண்டாம் சீசனுக்கு ஜூனில் மழைபடாத கூரையடியில் விதைத்து, மழை தணியும் இடைவெளியில் நாற்றை நடுங்கள். ரோஜாவுக்கு உறைபனியின் வேகம் குறைந்த பிறகு கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் ஏப்ரலில் முதல் பூக்கள் வரும்.

நவம்பர் மட்டும் நோட்டில் காலியாக இருக்கும். சாமந்தியை அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: வேண்டாத நிறங்கள்

உண்ணிச்செடியின் பூவும் ஸ்காட்ச் புரூமின் மஞ்சளும் சீகை (வாட்டில்) மரத்தின் பொன்னிறக் கொத்தும் அழகானவையே. ஆனாலும் அவற்றை நட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். தோட்டத்தைத் தாண்டிப் பரவி, இந்த மலைக்கே உரிய புல்வெளியையும் காட்டுச் செடிகளையும் அவை விழுங்கியிருக்கின்றன. பளிச்சென்ற நிறம் வேண்டும் என்றால் நமக்கே சொந்தமான காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) இருக்கிறது. குளிர்காலத்தையொட்டிச் சிவப்பாகப் பூக்கும். வளர நாளாகும், பொறுக்க வேண்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. மாதக் கணக்கு நோட்டில் அதற்கு இடமில்லை. அது மலைச்சரிவிலேயே இருக்கட்டும்.

மணிபோலத் தொங்கும் பெரிய வெள்ளை ஊமத்தை மலைவீடுகளில் பரவலாக இருக்கிறது. அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. சிறுவர்கள் ஓடியாடும் வீட்டில் அது வேண்டாம்.

படி 6: வாங்கும் நேரம்

நோட்டை எடுத்துக்கொண்டு நர்சரிக்கு ஆண்டில் இரண்டு முறையாவது போங்கள்: ஒருமுறை ஜூலை மழையில், ஒருமுறை ஜனவரிப் பனியில். அந்த நாட்களில் திறந்தவெளியில் நின்றும் நலமாக இருக்கும் செடியையே வாங்குங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்று என்று பொறுக்காமல் ஒரே வகையில் மூன்றை வாங்கி ஒன்றாக நடுங்கள். மூடுபனியில் ஒற்றைச் செடியின் பூ கண்ணுக்கே எட்டாது. கமேலியாக்களுக்கு இடையே ஐந்தாறு அடி விடுங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் அந்த இடைவெளி வெறுமையாகத் தெரியும். அங்கே சீசன் பூக்களை விதைத்துக்கொள்ளலாம்.