மலையேறும்போது கண்ணில் படும் காளான்: செய்யக்கூடாத தவறுகள்

இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்தால் போதும், பழனி மலையிலும் நீலகிரியிலும் பாதையோரம் முழுக்கக் காளான் குடை விரித்து நிற்கும். வெள்ளையாக, பழுப்பாக, ஆரஞ்சு நிறத்தில், பட்ட மரத்தில் அடுக்கடுக்காக, சாணத்தின் மேல் ஒற்றைக்காலில் என்று எத்தனையோ. மலையேறப் போகிறவர்கள் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் காட்டு உணவு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பறித்ததை ராத்திரி கூடாரத்தில் நூடுல்ஸோடு சேர்த்துக் கிளறிப் பார்க்கும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது.

அதில் நடக்கும் தவறுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை இல்லை. சிலது வயிற்றைக் கலக்கிவிட்டுப் போகும். ஒன்றிரண்டு ஆளையே எடுத்துவிடும். ஆளை எடுப்பதிலிருந்தே தொடங்கலாம்.

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் ஆகல"

காட்டுக் காளானைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் இருக்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: மிக மோசமான விஷம்தான் மிகத் தாமதமாகத் தலைகாட்டும். அமானிட்டா இனத்தின் சில காளான்களிலும், இன்னும் சில சிறு காளான்களிலும் அமாடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் வெயிலில் காயப்போட்டாலும் அது அழியாது. கசக்காது, நாறாது, சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் பலர் ருசியாகவே இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். நன்றாக வளர்ந்த ஒரே காளானில் ஒரு ஆளைக் கொல்லும் அளவு இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூடாரத்தில் சாப்பிடுகிறார்கள். பத்து மணிக்கு எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், பாட்டும் கச்சேரியுமாகத் தூங்கப் போகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஒருவருக்கு வயிற்றைப் பிடித்து இழுக்கிறது. அப்புறம் வாந்தி, தண்ணீராகப் பேதி. செல்போனில் சிக்னல் இல்லை. ஓடைத் தண்ணீர் சேரவில்லை என்று நினைத்து, ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடித்து மெல்ல இறங்குகிறார்கள். திங்கட்கிழமை வயிறு அடங்கிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை வேலைக்கும் போய்விடுகிறார். புதன்கிழமை கண் மஞ்சளாகிறது. நலமாகிவிட்டது என்று நினைத்த அந்த இடைவெளியில்தான் நஞ்சு கல்லீரல் செல்கள் புரதம் செய்யும் வேலையையே நிறுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைவரை பேச்சு போகும். இந்த நஞ்சுக்கு நிச்சயமான முறிமருந்து என்று ஒன்று இன்னும் கிடையாது.

சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி தொடங்கினால், அது சாதாரண ஒவ்வாமை இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, ஆகவே ஆபத்தில்லை என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. ஒரே பையில் மூன்று நான்கு வகையைப் போட்டுச் சமைத்திருந்தால், ஒன்றின் வாந்தி இன்னொன்றின் தாமதத்தை மறைத்துவிடும். கார்டினேரியஸ் இனத்தின் சில காளான்கள் இன்னும் பொல்லாதவை. அவை சிறுநீரகத்தைத் தாக்குவது தெரியவே இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம். அதற்குள் காளான் சாப்பிட்டதே பலருக்கு மறந்துபோயிருக்கும்.

கடையில் பார்த்த முகத்தைக் காட்டில் தேடுவது

நமக்குப் பழகிய மொட்டுக் காளானும் பால் காளானும் வெள்ளை. அதனால் வெள்ளையாக, சுத்தமாக, உருண்டையாக இருந்தால் மனசு நம்பிவிடுகிறது. அமானிட்டா வகைகள் மண்ணிலிருந்து தலைகாட்டும்போது முட்டை மாதிரி மூடிய உறைக்குள் இருக்கும். பார்க்க மொட்டுக் காளானேதான். கத்தியால் நெடுக்கில் வெட்டினால், அந்த முட்டைக்குள் குடையும் தண்டும் மடங்கி உட்கார்ந்திருப்பது கோட்டோவியம் போலத் தெரியும். வளர்ந்த பிறகு தண்டின் நடுவில் பாவாடை போல ஒரு வளையம், அடியில் மண்ணுக்குள் கிண்ணம் போல ஒரு பை. பறிக்கிறவர்கள் தண்டைப் பாதியில் ஒடித்து எடுத்தால், அடையாளம் காட்டும் அந்தப் பை மண்ணிலேயே நின்றுவிடும்.

சமவெளி ஆட்கள் அதிகம் ஏமாறுவது வேறொன்றில். மழைக்குப் பிறகு புல்தரையில், பூங்காவில், ரிசார்ட் வாசலில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரியும் வெள்ளைக் காளான். மேலே பழுப்புச் செதில்கள். குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது அதன் பெயர். இளசாக இருக்கும்போது குடையின் அடி மடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும். முற்றிய பிறகுதான் பச்சை படரும். ஆளைக் கொல்வது அரிது. ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குடலையே பிடுங்கிப் போட்ட மாதிரி வாந்தியும் பேதியும் வரும். மலைமேல் இருக்கும்போது அந்த நீரிழப்பே போதும், ஆளைச் சாய்க்க.

பாட்டி காலத்துச் சோதனைகள்

வெள்ளிக் காசு கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, புழு அரித்திருக்கிறது, அணில் கடித்திருக்கிறது, பளிச்சென்று நிறம் இல்லை: இவற்றில் ஒன்றுகூட வேலை செய்யாது. அமாடாக்சினுக்கு வெள்ளியைக் கறுக்க வைக்கும் குணமே இல்லை. நத்தையும் முயலும் நம்மைக் கொல்லக்கூடிய காளானைத் தின்றுவிட்டு நிம்மதியாகப் போகும். மஞ்சளும் புளியும் உப்பும் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டுவதும் இந்த நஞ்சிடம் எடுபடாது. உலகிலேயே அதிகம் பேரைக் கொன்ற காளானின் நிறம், மங்கிய ஆலிவ் பச்சை. பார்க்கப் பரம சாது.

ஊர்க்காரர் அறிவைப் பாதி கடன் வாங்குவது

பளியர், காணி, இருளர் போன்ற மலைமக்கள் காளான் பறித்துத்தானே சாப்பிடுகிறார்கள் என்று கேட்பார்கள். உண்மைதான். அவர்களுக்கு இந்த இடம், இந்த மரம், இந்த மாதம் என்று தெரியும். புற்றுக்காளான் இதற்கு நல்ல உதாரணம். கறையான் புற்றுக்குள் கறையானே வளர்க்கும் பூஞ்சையிலிருந்து அது முளைக்கிறது. குடையின் நடுவில் கூர்மையான மேடு இருக்கும், தண்டு வேர் போல நீண்டு புற்றுக்குள் இறங்கும். பழகியவர்கள் அடிவரை தோண்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நாம் "புத்துக்காளான் சாப்பிடலாம்" என்ற ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்புகிறோம்.

இன்னொன்றும் உண்டு. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சுற்றுலாப் பயணிகள் சுற்றும் பைன் காடுகள் நம் காடே இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள் அவை. வேரோடு ஒட்டி வாழும் வெளியூர்க் காளான்களும் கூடவே வந்துவிட்டன. சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த, கார்ட்டூனில் வரும் அமானிட்டா மஸ்காரியாவும் அப்படி வந்ததுதான். மழை பலமாகப் பெய்தால் அந்தப் பொட்டுகள் கழுவிக்கொண்டு போய், வெறும் ஆரஞ்சுக் குடையாக நிற்கும். தலைமுறை தலைமுறையாகச் சோலைக்காட்டுக் காளானை அறிந்தவருக்கும் பைன் மரத்தடி புதிதுதான்.

பழக்கம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு அசாமைப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் அங்கே காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

செல்போனைக் கேட்பது

படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப், அருமையான பொழுதுபோக்கு. சாப்பிடலாமா என்று அதைக் கேட்காதீர்கள். அது பார்ப்பது மேலிருந்து எடுத்த ஒரு படம். மண்ணுக்குள் இருக்கும் பையை, வித்துத்தூளின் நிறத்தை, வெட்டினால் வரும் வாசனையை அது பார்ப்பதில்லை. அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்பதும் அதே கதைதான்.

"மேஜிக்" காளான்

போதை தரும் இந்தக் காளான் கிடைக்கும் என்று கொடைக்கானல் பக்கம் போனால் யாராவது கிசுகிசுப்பார்கள். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: அதிலுள்ள சைலோசைபின், 1985-ஆம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, விற்றவர்களும் வாங்கியவர்களும் கைதாகியிருக்கிறார்கள். உடம்பு விஷயம் அதைவிட மோசம். சின்னப் பழுப்புக் காளான்களைப் பிரித்தறிவது நிபுணருக்கே தலைவலி. அமாடாக்சின் உள்ள கேலரினாவும் அதே உருவத்தில் இருக்கும். தேனில் ஊறப்போட்டுக் கொடுத்தால் பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றுமே மிஞ்சாது. நஞ்சு இல்லாவிட்டாலும், போதையில் மிரண்டு ஓடும் ஒருவரைச் செங்குத்துப் பாறை விளிம்பில் வைத்துச் சமாளிப்பது எப்படி என்று கூடப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

தலையைக் குனிந்தபடி பாதையை விட்டு இறங்குவது

காளான் தேடுகிறவர் கண் தரையிலேயே இருக்கும். பத்தடி, இன்னும் பத்தடி என்று போய், நிமிரும்போது மூடுபனி இறங்கியிருக்கும். பாதை எந்தப் பக்கம் என்று தெரியாது. சோலைக்குள் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். காட்டுமாடு புதருக்குள் அசையாமல் நிற்கும், பக்கத்தில் போகும்வரை தெரியாது. புற்றைத் தேடிப் போகிறவருக்கு இன்னொரு சிக்கல்: கரடிக்கும் கறையான்தான் சாப்பாடு. கரடி கிளறிய புற்று என்றால் மண் ஈரமாகச் சிதறிக் கிடக்கும். அப்படிக் கண்டால் வந்த வழியே, ஓடாமல், திரும்பிவிடுங்கள். அட்டைக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது இருப்பதிலேயே சாதுவான பிராணி.

அனுமதி இல்லாத பாதையில் போவது என்னவாகும் என்பதை 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பார்த்தோம். காய்ந்த புல்லில் பிடித்த தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. இணையத்தில் பதிவு செய்துவிட்டே போகலாம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் காளான் பறிப்பதும் வனக் குற்றம்தான். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமை 2006 வன உரிமைச் சட்டப்படி அங்கே வாழும் மக்களுக்கு, நமக்கு இல்லை.

சாப்பிட்டாயிற்று என்றால்

உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுப்பது, காலைவரை பார்க்கலாம் என்பது: மூன்றும் வேண்டாம். அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் உடனே இறங்கத் தொடங்குங்கள். சிக்னல் கிடைத்ததும் 108. எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மருத்துவரும் அதில் கேட்டுக்கொள்ளலாம். மிச்சம் இருக்கும் காளானை, சமைத்ததோ பச்சையோ, காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்று எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். வாந்தி நின்றுவிட்டது என்று டிஸ்சார்ஜ் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். அடுத்தடுத்த நாட்களும் கல்லீரல், சிறுநீரகச் சோதனை எடுக்க வேண்டியிருக்கும். அதே சட்டியில் சாப்பிட்டுவிட்டு "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று நிற்கிறவரையும் அதே வண்டியில் ஏற்றுங்கள்.