வசனத்துக்கு முன் குறிக்கோள்

மாஸ்கோ கலை அரங்கை 1898-இல் நெமிரோவிச் தான்சென்கோவுடன் இணைந்து நிறுவிய ரஷ்ய நடிகரும் இயக்குநருமான ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறையில், புதிதாக நடிக்க வருபவர் முதலில் பழக வேண்டியது ‘குறிக்கோள்’ என்ற கருத்தே என்பது என் எண்ணம். ஒரு காட்சியில் தம் பாத்திரம் எதிரில் இருப்பவரிடமிருந்து எதைப் பெற விரும்புகிறது என்பதை, வசனத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்பே, பிரதியின் ஓரத்தில் ஒரு செயலாக எழுதிக்கொள்ள வேண்டும். ‘கோபமாக இருக்கிறாள்’ என்ற குறிப்பு முகத்தை விறைப்பாக்குவதோடு நின்றுவிடும். ‘அண்ணனை மன்னிப்புக் கேட்க வைக்கிறாள்’ என்று எழுதினாலோ, கெஞ்சுவது, மிரட்டுவது, பேசாமல் முகம் திருப்பிக்கொள்வது எனப் பல வழிகள் புலப்படும். அவ்வழி மாறும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் கோடிட்டால், நீண்ட காட்சியும் சிறு அலகுகளாகப் பிரிந்துவிடும். யார், எங்கே, எப்போது, சற்றுமுன் என்ன நடந்தது என்னும் ‘கொடுக்கப்பட்ட சூழ்நிலைகள்’ பெரும்பாலும் பிரதியிலேயே கிடைக்கும். வசனத்தில் சொல்லாமல் மறைந்திருக்கும் உள்ளர்த்தத்தைத்தான் நடிகர் தாமே தேட வேண்டியிருக்கும். ‘சாப்பிட்டாயா?’ என்ற வரியின் கீழ் ‘இன்னும் என்மேல் கோபமா?’ என்று எழுதிப் பார்க்கலாம். ஆனால் அதை உடன் நடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லாதிருப்பது நல்லது, ஏனெனில் அவர் அதற்குத் தயாராகிவிட்டால் ஒத்திகையில் இயல்பாக எழ வேண்டிய எதிர்வினை மங்கிவிடும்.