முதல் டூயத்லானா? முதல் 5 கிலோமீட்டரை அடக்கி ஓடுங்கள்

நீச்சல் தெரியாததால், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் நமக்கு ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டவர்கள் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் நிறையப் பேர் உண்டு. தண்ணீரே வேண்டாம், டூயத்லானுக்கு வாருங்கள். ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம், அவ்வளவுதான். ஸ்பிரின்ட் எனும் குறைந்த தூரப் போட்டி என்றால் வழக்கமாக 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் சைக்கிள், 2.5 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்டாண்டர்ட் என்றால் 10, 40, 5. ஸ்விட்சர்லாந்தின் சோஃபிங்கனில் 1989இல் தொடங்கிய பவர்மேன் போட்டியில் 10 ஓடி, 150 மிதித்து, அப்புறம் 30 ஓடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அதை இப்போதைக்கு வேடிக்கை பார்த்தால் போதும். 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓட வருகிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வருகிறது என்றால் எட்டு வாரத்தில் ஸ்பிரின்ட்டுக்குத் தயாராகிவிடலாம். நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் கெட்டுப்போவது முதல் ஓட்டத்தில்தான். ஸ்டார்ட் கொடுத்ததும் கூட்டம் பறக்கும், இரவு நன்றாகத் தூங்கிய கால் வேறு துள்ளும், மூச்சும் வாங்காது, அதனால் 5 கிலோமீட்டர் பந்தயம் ஓடுகிற மாதிரியே ஓடிவிடுவார்கள். அடி ஒவ்வொன்றும் தரையில் விழும் அதிர்ச்சியைத் தாங்குவது தொடைத் தசை, பிறகு பெடலை அழுத்தப்போவதும் அதே தொடை. தனியாக 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் ஓடுகிறவர் இங்கே இருபத்தாறரை, இருபத்தேழு நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், திக்கித் திக்கி வந்தாலும் பரவாயில்லை. இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லையென்றால் வேகம் அதிகம். அந்த ஒன்றரை, இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் சைக்கிளிலும் கடைசி ஓட்டத்திலும் அதைவிட அதிகமாகத் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது சைக்கிள். நம்ம ஊரில் சைக்கிள் என்றால் காற்றைப் பற்றிப் பேசாமல் முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கிழக்கே அடிக்கிறது, பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் மிதித்துப் பாருங்கள், சமதரையே மேடாகத் தெரியும். இந்த மாதிரி ரோட்டில் மீட்டரில் காட்டும் வேகத்தைத் துரத்துவது வீண், உழைப்பைத்தான் சமமாக வைத்திருக்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். எதிர்காற்றில் 10 கிலோமீட்டரை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 30 நிமிடம், திரும்பும்போது 36 வேகத்தில் வந்தால் சுமார் 17 நிமிடம். இரண்டையும் கூட்டினால் சராசரி 26 கூட வராது, 28 வரும் என்று மனக்கணக்குப் போட்டவருக்கு ஏமாற்றம்தான். எதிர்காற்றில்தான் அதிக நேரம் கழிகிறது, ஆகவே அங்கே கொஞ்சம் கூடுதலாக அழுத்தி, பின்காற்றில் சற்றே ஆசுவாசப்படுத்திக்கொள்வதுதான் லாபம். உடம்பைத் தாழ்த்தி, முழங்கையை உள்ளே ஒடுக்கி, கியரை ஒரு படி இறக்கி, காலை நிமிடத்துக்கு 85, 90 சுற்றில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கியரில் முக்கி முக்கி மிதித்தால் கடைசி ஓட்டத்தில் தொடை பழிவாங்கும்.

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் அமெச்சூர் போட்டிகளில் பெரும்பாலும் இந்த டிராஃப்டிங் கூடாது, பொதுவாக 10 மீட்டர் இடைவெளி விட வேண்டும், முந்துவதென்றால் சட்டென்று முந்திவிட வேண்டும். போட்டிக்கு முந்தைய நாள் விதிகளைப் படித்துச் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

சைக்கிள் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஹைப்ரிட் போதும், எம்டிபி, அதாவது மலைப்பாதைச் சைக்கிள், இருந்தால் அந்த முரட்டு டயரை மட்டும் வழுவழுப்பான டயராக மாற்றிக்கொள்ளுங்கள். கிராமத்து ரோட்டோரத்தில் நெருஞ்சி முள் கிடக்கும், ஒரு ஸ்பேர் டியூப், டயர் லீவர், சின்னப் பம்ப் இல்லாமல் பயிற்சிக்குக் கூடக் கிளம்பாதீர்கள். அறுவடை நேரத்தில் மக்காச்சோளமோ கொள்ளோ ரோட்டிலேயே காயப்போட்டிருப்பார்கள், அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போங்கள். சிறுவாணி ரோடு, மருதமலை அடிவாரம் பக்கம் மிதிக்கிறவர்கள் நன்றாக விடிந்த பிறகு போங்கள், இருட்டில் யானை நிற்பது தெரியாது.

பயிற்சியில் தவிர்க்கவே கூடாதது பிரிக். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். முதல் தடவை கால் உங்களுடையதாகவே இருக்காது, முழங்கால் மடங்காமல் கட்டை மாதிரி வரும். பத்து நிமிடத்தில் சரியாகும், வாரம் ஒரு தடவை செய்துகொண்டே வந்தால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே சரியாகும். 40 நிமிடம் மிதித்துவிட்டு, சைக்கிளை வழக்கமான பேக்கரியில் நிறுத்தி, "அண்ணா, கொஞ்சம் பாத்துக்குங்க, இப்ப வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டு 10 நிமிடம் ஓடிவிட்டு வாருங்கள். டீயும் தேங்காய் பன்னும் அதற்கப்புறம். வாரத்தில் மிச்ச நாட்களுக்கு இரண்டு ஓட்டம், இரண்டு சைக்கிள் போதும், அதில் ஒரு ஓட்டத்தை மட்டும் வேகமாக வைத்துக்கொள்ளுங்கள். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் கூட்டம் சேர்வதற்குள் அதை முடித்துவிடலாம். போட்டிக்கு இரண்டு வாரத்துக்கு முன் 2 கிலோமீட்டர் ஓடி, 12 கிலோமீட்டர் மிதித்து, 1 கிலோமீட்டர் ஓடி ஒரு ஒத்திகை பாருங்கள். கடைசி வாரத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள், அப்போது புதிதாக எதையும் சேர்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடமான டிரான்சிஷனில் ஒரு விதியை மறக்காதீர்கள்: ஹெல்மெட் பட்டையைப் போட்ட பிறகுதான் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் பட்டையைக் கழற்ற வேண்டும். சைக்கிளில் ஏறுவதும் இறங்குவதும் டிரான்சிஷன் எல்லையில் போட்டிருக்கும் கோட்டுக்கு வெளியேதான். உங்கள் சைக்கிள் எந்த வரிசையில் நிற்கிறது என்று காலையிலேயே ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள், மூச்சு வாங்கி வரும்போது எல்லாச் சைக்கிளும் ஒன்று போலவே தெரியும். சாதாரணப் பெடல் என்றால் ஓடுகிற ஷூவிலேயே மிதிக்கலாம், மாற்றும் வேலையே மிச்சம். போட்டி எண் அச்சடித்த பிப்பை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் சைக்கிளில் பின்பக்கமும் ஓட்டத்தில் முன்பக்கமும் திருப்பிக்கொள்ளலாம்.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. ஸ்பிரின்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும். இரண்டு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லியும் ஒரு பூவன் பழமும், சைக்கிளில் உப்பும் நாட்டுச் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைத் தண்ணீர் ஒரு பாட்டில். கடலை மிட்டாயை முடித்த பிறகு தின்னுங்கள், கொழுப்பு இருப்பதால் ஓடும்போது வயிற்றில் கிடந்து உருளும். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் போட்டியன்று வாயில் போடாதீர்கள், யார் ஓசியில் கொடுத்தாலும் சரி.

கடைசி ஓட்டத்துக்கு இறங்குவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே கியரைக் குறைத்துக் காலை லேசாகச் சுற்ற விடுங்கள். இறங்கியதும் நீள நீளமாக அடி வைத்து ஓடாமல் குட்டிக் குட்டி அடியாக, வேகவேகமாக வையுங்கள். மெதுவாகப் போவது போலத் தோன்றும், வாட்ச்சைப் பார்த்தால் அப்படி இருக்காது. முதல் ஒரு கிலோமீட்டருக்கு யாரையும் துரத்த வேண்டாம், அதற்கப்புறம் மிச்சம் என்ன இருக்கிறதோ அத்தனையையும் போட்டு ஓடலாம்.